யுஎஸ்பி ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்: மின்சாரக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

யுஎஸ்பி ஹப்பில், அதாவது கணினியின் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் சிறு பெட்டியில், செருகிய வெளி ஹார்ட் டிஸ்க் திரையில் தோன்றித் தோன்றி மறைந்தாலோ, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டாலோ, டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டாலோ, டிஸ்க் பழுதாகிவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு ஹப் இருக்கும்போது, டிஸ்க்குக்குத் தேவையான மின்சாரம் குறையாமல் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் போதாத டிஸ்க் காட்டும் அறிகுறிகளும் பழுதான டிஸ்க் காட்டும் அறிகுறிகளும் வெளிப்பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், நல்ல நிலையில் உள்ள பல டிஸ்க்குகள் தவறாகக் குப்பைக்குப் போகின்றன. அதைவிட வருத்தம் தருவது, அவற்றிலிருந்த கோப்புகளும் சேர்ந்து அழிந்துபோவது.

ஆகவே எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் சீராக வருகிறது என்று உறுதியாகும்வரை டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள். பிழைகளைச் சரிசெய்யும் செயலி எதையும் அதன்மேல் ஓட்டாதீர்கள். புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள். கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் செயலி, எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையே திருத்தி எழுதுகிறது. அந்த நேரத்தில் டிஸ்க் மின்சாரமின்றி ஒரு நொடி நின்றுபோனாலும், அதுவரை படிக்க முடிந்த கோப்புகள்கூடப் படிக்க முடியாமல் போகக்கூடும்.

டிஸ்க்குக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்

தனி அடாப்டர் இல்லாமல் ஒரே கேபிளில் இயங்கும் கையடக்க டிஸ்க்குகளுக்குள் பெரும்பாலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. படிக்கும்போதும் எழுதும்போதும் அது 5 வோல்ட்டில் ஏறத்தாழ 400 முதல் 600 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சிக்கல் பெரும்பாலும் அங்கே எழுவதில்லை. நின்றிருக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில நொடிகளில்தான் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது. அப்போதைய தேவை 1 ஆம்பியரை எட்டுவது வழக்கம். அந்தச் சில நொடிகளைத் தாண்டிவிட்டால் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் டிஸ்க், அவற்றைத் தாண்ட முடியாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டாது.

இனி போர்ட் தருவது எவ்வளவு என்று பார்ப்போம். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு சாதனம் ஒரு போர்ட்டிலிருந்து அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 தரத்தில் அது 900 மில்லி ஆம்பியராக உயர்ந்தது. டைப்-சி போர்ட் தருவதாக அறிவித்தால் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ கிடைக்கும். ஆனால் எல்லா டைப்-சி போர்ட்டும் அவ்வளவு தரும் என்று எண்ணிவிடக் கூடாது. கணினித் தயாரிப்பாளர்கள் தரத்தில் சொன்ன வரம்புக்குமேல் கொஞ்சம் தாராளம் காட்டுவதால்தான், 1 ஆம்பியர் கேட்கும் டிஸ்க் கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகும்போது பெரும்பாலும் ஓடிவிடுகிறது. அந்தத் தாராளம் ஹப்பின் வழியே வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

தனி அடாப்டர் இல்லாத ஹப்பின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. கணினியின் ஒரே போர்ட்டிலிருந்து கிடைப்பதை அது தனக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை நான்கு போர்ட்டுகளுக்குப் பங்கிட வேண்டும். தரத்தின்படி அத்தகைய யுஎஸ்பி 2.0 ஹப் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உறுதியளிப்பது வெறும் 100 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 ஹப் என்றால் 150 மில்லி ஆம்பியர். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் பென் டிரைவுக்கும் அது போதும். சுழலும் டிஸ்க்குக்குப் போதாது. நடைமுறையில் மலிவான ஹப்புகள் இந்தப் பங்கீட்டைக் கட்டுப்படுத்துவதே இல்லை. மேலிருந்து வருவதை எல்லாப் போர்ட்டுகளுக்கும் அப்படியே திறந்துவிடுவதால், ஒரே டிஸ்க் என்றால் எப்படியோ ஓடிவிடும். இரண்டாவது டிஸ்க்கைச் செருகி அது சுழலத் தொடங்கிய உடனே முதல் டிஸ்க் மறைந்துபோகிறது என்றால், வேறு சோதனையே தேவையில்லை. ஹப்பில் மின்சாரம் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

3.5 அங்குல டிஸ்க் உள்ள பெரிய பெட்டிகளுக்கு 12 வோல்ட் வேண்டியிருப்பதால் அவை தங்கள் சொந்த அடாப்டருடனேயே வருகின்றன. அவற்றை ஹப்பில் இணைத்தால் ஹப் தகவலை மட்டுமே கடத்துகிறது. அவை துண்டிக்கப்பட்டால் அவற்றின் அடாப்டரையும் கேபிளையும் பாருங்கள்.

எப்போது துண்டிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்

கோளாறு நேரும் தருணம் பாதி விடையைச் சொல்லிவிடும். டிஸ்க்கைச் செருகியதும் அதன்மேல் விரல்நுனியை வைத்துப் பாருங்கள். செவியையும் அருகில் கொண்டுசெல்லுங்கள். மின்சாரம் போதுமானதாக இருந்தால், மெல்லிய அதிர்வு தொடங்கிச் சீராக உயர்ந்து, ஓரிரு சின்னச் சத்தங்களுக்குப் பிறகு ஒரே சுருதியில் நிலைத்துவிடும். போதாதபோது அதிர்வு தொடங்கும், பாதி வேகம் எட்டுவதற்குள் தளரும், "டிக்" என்ற ஓசையுடன் அடங்கும், மறுபடியும் தொடங்கும். இதே சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். அந்த "டிக்" ஓசை, மின்னழுத்தம் இறங்கியதும் படிக்கும் ஹெட்டுகள் அவசரமாகத் தங்கள் இருப்பிடத்துக்குத் திரும்புவதால் எழுவது. டிஸ்க் உண்மையிலேயே பழுதானாலும் இதைப்போன்ற ஓசை வரும். ஆனால் அப்போது தட்டுகள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஓசை கேட்கும், நேரடிப் போர்ட்டுக்கு மாற்றினாலும் நிற்காது.

கணினியை உறக்கநிலையிலிருந்து எழுப்பும்போதோ புதிதாகத் துவக்கும்போதோ மட்டும் டிஸ்க்குகள் காணாமல் போய், ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகினால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்றால், அனைத்தும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்குவதால் ஏற்படும் நெருக்கடிதான் காரணம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒவ்வொன்றாகச் செருகிச் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதால் ஹப் நிரபராதி என்று பலரும் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் வெளி எஸ்எஸ்டி-களின் நடத்தை வேறு. அவற்றில் மோட்டார் இல்லாததால் செருகியவுடன் சிக்கல் தெரியாது. கோப்புகள் திறக்கும், படங்கள் ஓடும். ஆனால் எம்.2 என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி-யை ஒரு பெட்டியில் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது, தொடர்ந்து எழுதும்போது அதன் தேவை 5 வாட்டைத் தாண்டிவிடக்கூடும் என்பது. யுஎஸ்பி 3.0 போர்ட்டின் 900 மில்லி ஆம்பியர் என்பது 4.5 வாட் மட்டுமே. எனவே படிக்கும்போது எதுவும் நேராமல், பெரிய அளவில் எழுதத் தொடங்கிய சிறிது நேரத்தில் துண்டிக்கப்படும் எஸ்எஸ்டி-யில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். கூடவே பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், ஏனெனில் அதிக வெப்பமும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

சோதனையின் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இந்த வேலையின் உயிர்நாடி. கேபிளையும் ஹப்பையும் போர்ட்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் டிஸ்க் ஓடத் தொடங்கும். எது கோளாறு என்பது மட்டும் தெரியாது. பழைய கேபிள் மேசை இழுப்பறையில் காத்திருந்து அடுத்த மாதம் வேறொரு டிஸ்க்குடன் மீண்டும் வெளிவரும்.

முதலில் ஹப்பை முற்றிலும் விலக்கிவிட்டு, டிஸ்க்கை அதனுடன் வந்த குட்டைக் கேபிளால் கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டைத் தவிர்த்துப் பின்பக்கப் போர்ட்டைப் பயன்படுத்த வேண்டும். பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை, முன்பக்கத்தில் இருப்பவையோ பெட்டிக்குள் ஓடும் மெல்லிய கேபிள் வழியாக மின்சாரம் பெறுபவை. டிஸ்க் இங்கே ஒரு மணி நேரமாவது, பெரிய கோப்புகளைப் படித்தபடி, தடையின்றி ஓடினால் அது பெரும்பாலும் நலமாக இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, வேறு பிரதி இல்லாத கோப்புகளை உடனே இன்னொரு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். மீதிச் சோதனைகளை அதன்பிறகு நிதானமாகச் செய்யலாம்.

அடுத்து, அதே டிஸ்க்கையும் அதே கேபிளையும் ஹப்பில் செருகுங்கள். ஹப்பில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஹப்புக்கு அடாப்டர் இருந்தால் அது இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேயே டிஸ்க் தடுமாறினால் ஹப்போ, அதன் அடாப்டரோ, ஹப்பைக் கணினியுடன் இணைக்கும் கேபிளோதான் காரணம். தனியாக இருக்கும்போது ஓடி, மற்றச் சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கையில் ஒரு கட்டத்தில் தடுமாறத் தொடங்கினால், மொத்தத் தேவை ஹப்பின் கொள்ளளவைத் தாண்டுகிறது. எல்லாம் சேர்ந்த பிறகும் ஓடினால், அப்படியே கணினியை உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்பிப் பார்க்கத் தவறாதீர்கள்.

கேபிள்

என் கருத்தில், இந்தக் கோளாறுகளில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது கேபிள்தான். கேபிளில் தகவல் போகும் கம்பிகள் வேறு, மின்சாரம் போகும் கம்பிகள் வேறு; ஆகவே கேபிள் வேலை செய்கிறது என்பது மின்சாரம் போதிய அளவில் கடக்கிறது என்பதற்கு உறுதியாகாது. பல மெல்லிய கேபிள்களில் மின்சாரக் கம்பி 28 கேஜ் தடிமனில் இருக்கிறது (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அந்தக் கம்பி மின்சார ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால் ஒரு மீட்டர் கேபிளில் இது 0.42 ஓம் ஆகிறது. டிஸ்க் 1 ஆம்பியர் இழுக்கும் தருணத்தில் கேபிளிலேயே 0.42 வோல்ட் இழக்கப்படுகிறது. ஹப்பில் சரியாக 5 வோல்ட் இருந்தாலும் டிஸ்க்குக்குக் கிடைப்பது 4.58 வோல்ட். பல 2.5 அங்குல டிஸ்க்குகளின் தரக்குறிப்பு ஏற்கும் தாழ்ந்த அளவு 4.75 வோல்ட் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.17 வோல்ட் மட்டுமே. மெல்லிய கம்பியாகவே இருந்தாலும் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் 0.13 வோல்ட்தான் குறைகிறது. டிஸ்க் நிறுவனங்கள் முழங்கை நீளம்கூட இல்லாத கேபிளைப் பெட்டியில் வைத்துத் தருவதை கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அடாப்டர் இல்லாத ஹப்பில் இந்த இழப்பு இரண்டு முறை நேர்கிறது: கணினியிலிருந்து ஹப் வரையுள்ள கேபிளில் எல்லாச் சாதனங்களின் மின்சாரமும் சேர்ந்து ஓடுவதால் ஒரு முறை, ஹப்பிலிருந்து டிஸ்க் வரையுள்ள கேபிளில் மறுமுறை. எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றையும் நடுவில் சேர்த்தால் மூன்று முறை. அடாப்டர் உள்ள ஹப்பில் மின்சாரம் ஹப்பிலிருந்தே தொடங்குவதால் கணினிக்குப் போகும் மேல்கேபிளின் நீளம் அவ்வளவாகப் பாதிக்காது.

இன்னொன்று, கையடக்க டிஸ்க்குகளில் பரவலாக உள்ள, இரண்டு பகுதிகளாகத் தட்டையாக அகன்றிருக்கும் மைக்ரோ-பி வகைச் செருகி. நாள்பட்ட பயன்பாட்டில் அது தளர்ந்துவிடுகிறது. டிஸ்க்கை மேசையில் அசையாமல் வைத்து, அதில் எந்த நகலெடுப்பும் நடக்காத நேரத்தில், செருகியை மட்டும் விரலால் மிக மெதுவாக மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். விளக்கு சிமிட்டினாலோ கணினி துண்டிப்பு ஓசை எழுப்பினாலோ முதலில் புதுக் கேபிளை மாற்றுங்கள். புதுக் கேபிளிலும் தளர்வு நீடித்தால் டிஸ்க் பெட்டியில் உள்ள சாக்கெட்டே தேய்ந்திருக்கிறது.

ஹப்பின் அடாப்டர்

அடாப்டரின் மேல் உள்ள எழுத்துகளைப் படித்து ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். திருமணப் படங்களைத் தொகுப்பவர்களின் மேசைகளில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: ஒரு ஹப், அதில் மூன்று கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள், ஒரு கார்டு ரீடர், ஹப்பின் அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று டிஸ்க்குகளுக்கும் சேர்த்து 1.5 ஆம்பியர் என்று வைத்தால் அடாப்டர் சமாளிக்கும். கணினி உறக்கத்திலிருந்து எழும்போது மூன்றும் ஒருங்கே சுழலத் தொடங்கினால் தேவை 3 ஆம்பியர். அப்போது மின்னழுத்தம் சரிந்து மூன்றுமே ஒன்றாகத் துண்டிக்கப்படும். இந்த அமைப்புக்கு 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டருடன் வரும் ஹப் பொருந்தும். 12 வோல்ட் அடாப்டருடன் வரும் ஹப்புகள் உள்ளுக்குள் அதை 5 வோல்ட்டாக மாற்றிக்கொள்கின்றன. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட், மாற்றும்போது இழப்பதைக் கழித்தால் 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் அளவுக்குக் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 5 வோல்ட் ஹப்புகளின் வட்டத் துளையும் ரவுட்டர் போன்ற 12 வோல்ட் சாதனங்களின் வட்டத் துளையும் பல வேளைகளில் ஒரே அளவில் இருக்கின்றன. கைக்குக் கிடைத்த அடாப்டர் பொருந்துகிறதே என்று 5 வோல்ட் ஹப்பில் 12 வோல்ட்டைச் செருகினால், ஹப்புடன் அதில் இணைந்திருக்கும் டிஸ்க்குகளின் சுற்றுகளும் எரிந்துபோகக்கூடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு அப்படியே ஒத்திருக்க வேண்டும். நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்பதைக் காட்டும் குறியும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம்.

எழுத்தில் இருப்பதை அடாப்டர் உண்மையில் தருகிறதா என்று அறிய, யுஎஸ்பி மீட்டர் என்ற சிறு கருவி உதவும். ஹப்பின் போர்ட்டுக்கும் டிஸ்க்கின் கேபிளுக்கும் நடுவில் அதைச் செருகி, எல்லா டிஸ்க்குகளும் ஓடும்போது மின்னழுத்தத்தைப் பாருங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஹப்போ அடாப்டரோ திணறுகிறது. அங்கே 5 வோல்ட் நிலையாக நின்றும் டிஸ்க் துண்டிக்கப்பட்டால் சந்தேகம் கேபிளின் பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் இந்த மீட்டர்கள் அளவை மெதுவாகவே புதுப்பிப்பதால், சுழலத் தொடங்கும் கணத்தின் உச்சத்தையும் அதனால் ஏற்படும் நொடிப்பொழுதுச் சரிவையும் தவறவிடக்கூடும். எண் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஹப்பை விடுவித்துவிட முடியாது. நான்கு முனைகள் மட்டுமே உள்ள மலிவான மீட்டர், டிஸ்க்கை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறக்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மின்தடை ஏற்படும் ஊர்களில் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். மடிக்கணினி பேட்டரியில் தொடர்ந்து ஓடும். ஹப்பின் அடாப்டரோ சுவர் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மின்சாரம் போனதும், அல்லது இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சிறு இடைவெளியில், ஹப் அணைந்து எல்லா டிஸ்க்குகளும் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே துண்டிக்கப்படுகின்றன. கணினி அணையாததால் மின்தடையை இதனுடன் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஹப்பின் அடாப்டரை யுபிஎஸ்ஸில் இணைப்பதே தீர்வு. சார்ஜரையும் தன் வழியே கடத்தும் டைப்-சி ஹப்புகளிலும் இதற்கு இணையான ஒன்று நடக்கிறது: சார்ஜரைச் செருகும்போதும் கழற்றும்போதும் மின்சாரப் பங்கீடு புதிதாகத் தீர்மானிக்கப்படுவதால், பல ஹப்புகள் ஒரு கணம் அணைந்து எழுகின்றன. நகலெடுப்பு நடக்கும்போது சார்ஜரைத் தொடாதீர்கள்.

சில ஹப்புகளில் ஒரு போர்ட் கைப்பேசியைச் சார்ஜ் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் தகவல் போகாது. டிஸ்க் சுழல்கிறது, ஆனால் திரையில் வரவே இல்லை என்றால் இதைச் சரிபாருங்கள். தொலைக்காட்சியில் டிஸ்க்கை இணைப்பவர்கள், "எச்டிடி" என்று குறியிட்ட போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

ஒரே டிஸ்க்குக்கு இரண்டு போர்ட்டுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலைக் கேபிள்கள் பழைய டிஸ்க்குகளுடன் வந்தன. கணினியின் இரண்டு போர்ட்டுகளில் செருகினால் அவை உதவும். அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பின் இரண்டு போர்ட்டுகளில் செருகினால், ஒரே மூலத்திலிருந்தே எடுப்பதால் பயனில்லை.

கணினி சொல்வதைப் படிப்பது

விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன்கீழ் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 157 என்ற எண் வந்திருந்தால், டிஸ்க் முன்னறிவிப்பின்றி அகற்றப்பட்டதாகக் கணினி கருதியது என்று பொருள். 153 என்பது படிக்கவோ எழுதவோ முயன்று தோற்று மறுமுறை முயன்றதைக் குறிக்கிறது. நீங்கள் கையால் கழற்றாத நேரங்களில் 157 பதிவாகியிருந்தால் மின்சாரமோ இணைப்போ அறுந்திருக்கிறது. அந்த நேரங்களை உறக்கத்திலிருந்து எழுந்த நேரங்களோடும் மின்தடை நேரங்களோடும் ஒப்பிடுங்கள். லினக்ஸில் கெர்னல் பதிவில் "ஓவர்-கரன்ட்" என்ற சொல் இருந்தால் போர்ட்டின் பாதுகாப்புச் சுற்றே மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. மாக் கணினிகளில் அதிக மின்சாரம் எடுக்கும் சாதனத்தைக் கழற்றச் சொல்லி அறிவிப்பே வரும்.

டிவைஸ் மேனேஜர் போன்றவை ஒரு சாதனத்துக்கு எதிரே காட்டும் மில்லி ஆம்பியர் எண்ணை அளவீடு என்று நம்பிவிடாதீர்கள். அது சாதனம் தன் தேவை என்று அறிவித்துக்கொண்ட எண் மட்டுமே. உண்மையில் இழுப்பது அதைவிட அதிகமாக இருக்கலாம்.

மின்சாரம் போதுமானதாக இருந்தும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் விட்ட பிறகு மட்டும் டிஸ்க் காணாமல் போகிறது என்றால், விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திவிட்டு, டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். மின்சாரம் உண்மையிலேயே போதாத இடத்தில் இந்த மாற்றம் எதையும் தீர்க்காது.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் டிஸ்க் இணைப்பவர்களுக்கு எல்லை இன்னும் குறுகியது. ராஸ்பெரி பை 4-இன் நான்கு போர்ட்டுகளும் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர். ராஸ்பெரி பை 5, 3 ஆம்பியர் அடாப்டரில் ஓடும்போது யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர் மட்டுமே விடுகிறது. 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால்தான் 1.6 ஆம்பியர். சுழலும் டிஸ்க் ஒன்றே ஒன்று என்றாலும் தனி அடாப்டர் உள்ள ஹப்பைப் பயன்படுத்துவது நல்லது. சில ஹப்புகள் தங்கள் மின்சாரத்தை மேல்கேபிள் வழியாகக் கணினிப் பக்கமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பை-யின் அடாப்டரைக் கழற்றிய பிறகும் அதன் சிவப்பு விளக்கு எரிந்தால் உங்கள் ஹப் அந்த வகை. அதை மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கே பழுதா என்று பிரித்தறிவது

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவேடு இந்த இடத்தில் பேருதவி. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலி பெரும்பாலான வெளி டிஸ்க்குகளின் பதிவேட்டைக் காட்டும். அதில் மூல எண்கள் இயல்பாகப் பதினாறடிமானத்தில் இருப்பதால், அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள். நேரடிப் போர்ட்டில் இணைத்து எண்களைக் குறித்துவைத்து, பிறகு ஹப்பில் வழக்கம்போலப் பயன்படுத்தி, முறைப்படி வெளியேற்றியே கழற்றி, மறுபடியும் எண்களைப் பாருங்கள். 192 என்ற வரிசை, மின்சாரம் திடீரென்று போனதால் ஹெட்டுகள் அவசரமாகத் திரும்பிய தடவைகளைக் கணக்கிடுகிறது. நீங்கள் முறைப்படி கழற்றியும் அது ஏறிக்கொண்டே போனால் மின்சாரம் அறுபடுகிறது. சுழல மறுமுறை முயன்றதைக் காட்டும் 10-ஆம் வரிசை ஹப்பில் மட்டும் உயர்ந்தாலும் அதே முடிவுதான்.

மாறாக, 5-ஆம் வரிசையும் 197-ஆம் வரிசையும் சுழியமாக இல்லாமல், நேரடிப் போர்ட்டில் சீரான மின்சாரத்தில் ஓடும்போதும் உயர்ந்துகொண்டிருந்தால், தட்டுகளில் படிக்க முடியாத பகுதிகள் பெருகுகின்றன. அந்த டிஸ்க்குக்கு ஹப் மாற்றிப் பயனில்லை. 199-ஆம் வரிசை உயர்வது, பெட்டிக்குள் டிஸ்க்குக்கும் யுஎஸ்பி மாற்றிச் சுற்றுக்கும் இடையிலான இணைப்பில் தகவல் சிதைவதைக் காட்டுகிறது. டிஸ்க்கைத் தனியே எடுக்கக்கூடிய பெட்டி என்றால் வேறு பெட்டியில் மாற்றிப் பார்க்கலாம்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் இன்னொரு வாய்ப்பையும் மறக்கக் கூடாது. அதிக வேகத்துக்காக உள்ள யுஏஎஸ் என்ற முறையைச் சில மாற்றிச் சுற்றுகள் சரிவரக் கையாளாததால், மின்சாரம் போதுமானதாக இருந்தும் டிஸ்க் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். அந்தச் சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ்ஸை நிறுத்திப் பழைய முறையில் ஓட்டினால், வேகம் சற்றுக் குறைந்தாலும் துண்டிப்பு நின்றுவிடும். ஹப் இல்லாமலும் கோளாறு தொடர்ந்து, 192-ஆம் வரிசை அசையாமல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

சரிசெய்த பிறகு

மின்சாரம் சீரான பின்னும் சில கோப்புகள் திறக்காமல் இருக்கலாம். முன்பு நடந்த துண்டிப்புகளில் கோப்பு அமைப்பு சேதமடைந்திருக்கும். இப்போதும் அவசரம் வேண்டாம். டிஸ்க்கை நேரடிப் போர்ட்டில் வைத்து, படிக்க முடிகிற அனைத்தையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலிலிருந்து சில பெரிய கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதன்பிறகே விண்டோஸின் பிழை சரிபார்ப்பையோ மாக்கின் ஃபர்ஸ்ட் எய்டையோ ஓட்டலாம். 197-ஆம் வரிசை உயர்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் அவற்றை ஓட்டவே கூடாது. நகலெடுப்பு முடிந்ததும் அந்த டிஸ்க்கைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். நகலெடுப்பே முடியவில்லை, கோப்புகளும் ஈடுசெய்ய முடியாதவை என்றால், மேலும் முயலாமல் டிஸ்க்கை அணைத்து வைத்துத் தகவல் மீட்புப் பணி செய்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

நலமான டிஸ்க்கை ஹப்புக்குத் திருப்பும்போது, மற்ற டிஸ்க்குகளையும் சேர்த்துச் செருகி, உறக்கத்திலிருந்து எழுப்பும் சோதனையைச் சில முறை நடத்திவிட்டு, ஈவென்ட் வியூவரில் புதிய 157 எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே அதில் மீண்டும் எழுதத் தொடங்குங்கள்.